வளர்ற பிள்ளைக்கு எந்த சைஸ்?

பதினேழாம் அத்தியாயம்

போன வாரம் தாரணியைச் சமையலறை ஜன்னல் ஓரமாக நிறுத்திவிட்டு நாம் பாட்டுக்குக் கிளம்பிவிட்டோம். பாவம், ஒரு வாரமாக அவள் அங்கேயேதான் நிற்கிறாள். கையில் பால் புட்டி. கண் ஏழு மாடிக்குக் கீழே, கார் நிறுத்தும் இடத்தில்.

அங்கே ஒரு வெள்ளை வேன். பக்கவாட்டில் நீல எழுத்து: 'வருண் வாட்டர்ப்ரூஃபிங்'. தாரணியின் அண்ணன் வண்டி. ஐந்து மாதமாக இந்த மார்சிலிங் அடுக்குமாடிப் பக்கமே தலைகாட்டாத வண்டி, ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகாலுக்கு வந்து நிற்கிறது. ஆனால் ஆள் இறங்கவில்லை.

"வேலைக்கு வந்திருப்பாரு," என்றான் குமரன், மனைவியின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து. "யார் வீட்டுக் கூரையாவது ஒழுகும்."

"ஞாயித்துக்கிழமை டிரில் போடக் கூடாது. அண்ணனுக்கு அது தெரியாதா?"

"அப்ப என்னைப் பாக்க வந்திருப்பாரு. மாப்ள எப்படி இருக்கான், இளைச்சுட்டானான்னு."

அவள் சிரிக்கவில்லை. குமரன் பஸ் ஓட்டுகிறவன். ஏறுகிறவர்கள் முகத்தைப் பார்த்தே எப்போது பேசக் கூடாது என்று தெரிந்தவன். பேசாமல் கோப்பி கலக்கப் போய்விட்டான்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டு வார்த்தை.

ஐந்து மாதத்துக்கு முன்னால், லிட்டில் இந்தியாவில் ஒரு கோயில் மண்டபத்தில், குழந்தை வர்ஷாவுக்கு மொட்டை போட்டுக் காதும் குத்துவதாக ஏற்பாடு. இரண்டுமே தாய்மாமன் மடியில் வைத்து. வருண் புதுப் பட்டு வேட்டி கட்டி வந்து உட்கார்ந்தான். மொட்டை முடிந்தது. அதற்குள் வேட்டியும் முடிந்தது. டயப்பர் ஓரமாக வழிந்து, சந்தன நிறப் பட்டில் ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம்.

குமரனின் அக்கா வைதேகி சும்மா இருப்பவளா? "ஊர்ல ஒழுகறதை எல்லாம் அடைக்கிற கை. சொந்த மடியில ஒழுகறதை அடைக்கத் தெரியலையே," என்றாள். மண்டபமே சிரித்தது. பெயரோ மழைக்கு அதிபதியின் பெயர். தொழிலோ தண்ணீரை நிறுத்துவது. மடியிலோ வெள்ளம். சிரிக்காமல் எப்படி இருப்பார்கள்?

அது அதோடு போயிருக்கும். வெட்கத்தில் தாரணி ஒரு வார்த்தை விட்டுவிட்டாள். "நீ வாங்கிட்டு வந்த டயப்பர்தானே அண்ணா. மலிவா வாங்கினா இப்படித்தான்."

அந்த டயப்பரை வருண் பாலம் தாண்டி அடுத்த நாட்டு ஜொகூருக்குப் போய், ஓர் அட்டைப்பெட்டி நிறைய வாங்கி, சோதனைச் சாவடிக் கூட்டத்தில் தோளில் சுமந்து வந்திருந்தான். தங்கை மகளுக்கு. பிள்ளையைக் குமரன் கையில் கொடுத்துவிட்டு, ஈர வேட்டியோடு படியிறங்கிப் போனான். தாய்மாமன் இல்லாமல் காது குத்துவதா? அப்படியே நின்றுபோனது.

நின்றுபோன அந்தக் காதுகுத்து இன்றைக்கு. பதினொன்றரைக்குள் நல்ல நேரம். அண்ணனுக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். படித்துவிட்டான் என்று இரண்டு நீலக் கோடு வந்தது. பதில் வரவில்லை.

வருண் மடி கொடுப்பானா? தாரணிக்கு அது ஒன்றுதான் கேள்வி. அப்பாவும் அம்மாவும் போனபிறகு, பிறந்த வீடு என்று அவள் சொல்லிக்கொள்ள அந்த ஓர் ஆள்தான் மிச்சம்.

கைப்பேசி கூவியது. வைதேகியின் குரல் பதிவு. "தாரணி, உங்க அண்ணன் வரலேன்னா கவலைப்படாத. கிளமெண்டியில இருக்கற உங்க பெரியம்மா பையனை உக்கார வச்சிடலாம். அவன் எப்பவும் கறுப்பு ஜீன்ஸ்தான் போடுவான். நனைஞ்சாலும் தெரியாதுலா."

தாரணி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

கூடத்தில் தடதடவென்று சத்தம். கதாநாயகி எழுந்துவிட்டாள்.

வர்ஷாவுக்குப் பதினேழு மாதம். அவள் நடந்து யாரும் பார்த்ததில்லை. தவழ்ந்தாள், பிறகு ஓடினாள். சோபாவின் கைப்பிடி அவளுக்குக் குதிரை. செருப்பு அலமாரி ஏணி. டயப்பர் மாட்டப் படுக்க வைத்தால் நொடியில் புரண்டு ஓடிவிடுவாள். அதனால் ஒட்டு வைத்ததை விட்டு, ஜட்டி போல இழுத்து மாட்டுகிற வகைக்கு மாறி வெகு நாளாயிற்று. அதுவும் நின்றபடி, ஓடுகிறபோதே, குமரன் முன்னால் வழிமறிக்க, தாரணி பின்னால் துரத்தி மாட்ட வேண்டும்.

'மலிவு' என்று வாயால் சொன்னவள் அதற்கப்புறம் மலிவானதை எப்படி வாங்குவாள்? அண்ணன் வாங்கித் தந்த பெட்டியை ஸ்டோர் ரூமில் தள்ளிவிட்டு, கடையில் எது உயரத் தட்டில் இருக்கிறதோ அதை வாங்கினாள். ஜப்பானில் செய்தது ஒன்று, கொரியாவில் செய்தது ஒன்று, இரவு முழுக்கத் தாங்கும் என்று நிலா படம் போட்டது ஒன்று. பூ மாதிரி மெத்து. நகை மாதிரி விலை. குமரன் ஒரு வார்த்தை சொன்னதில்லை. கூடுதலாக ஒரு ஷிப்ட் போட்டுக்கொண்டு பேசாமல் இருந்தான். அது அவளுக்கு இன்னும் உறுத்தியது.

அத்தனையும் ஒழுகின. ஒன்று விடாமல். நேற்றுகூட விளையாட்டுத் திடலில் வர்ஷா சறுக்கி வந்த வழியெல்லாம் பளபளவென்று ஈரம். பின்னால் வந்த சீனப் பையன் இரண்டு மடங்கு வேகத்தில் இறங்கிச் சந்தோஷப்பட்டான்.

அழைப்பு மணி அடித்தது.

தாரணி ஓடிப் போய்த் திறந்தாள். அண்ணன் இல்லை. அண்ணனிடம் வேலை பார்க்கிற நூர்தீன், கையில் தொப்பியோடு. நாலு பிள்ளை பெற்றவர், சிரித்தால் முகம் பூராவும் சிரிப்பவர்.

"தங்கச்சி, மன்னிக்கணும். கீழ வண்டியில ஒருத்தர் ஒரு மணி நேரமா உக்காந்திருக்காரு. மேல வரமாட்டேங்கிறாரு. வீட்டுக்கும் போகமாட்டேங்கிறாரு. எனக்குப் பசிக்குது."

"அவருக்கு லிஃப்ட் பட்டன் அமுக்கத் தெரியாதாண்ணே?"

"தெரியும். ஆனா அவர் வந்திருக்கறது விருந்தாளியா இல்லியாம். சைட் இன்ஸ்பெக்ஷனுக்காம்."

"எந்த சைட்?"

நூர்தீன் வர்ஷாவைக் காட்டினார். அவள் அப்போது செருப்பு அலமாரியின் மூன்றாம் தட்டில் இருந்தாள்.

குமரன் கோப்பியோடு வந்தான். நூர்தீன் நின்றபடியே ஒரு மடக்கு குடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உங்க அண்ணன்கிட்ட நான் சொன்னதா சொல்லக் கூடாது. ரெண்டு வாரமா எங்க பட்டறையில வேற வேலையே நடக்கல. கடையில இருக்கற டயப்பர் எல்லாத்துலயும் ஒவ்வொரு பாக்கெட். பத்துக் கிலோ அரிசி மூட்டைக்கு பிளாஸ்டிக் சுத்தி, டயப்பர் மாட்டி, உள்ள குழாய் விட்டு நீலச் சாயத் தண்ணி ஊத்தறாரு. டாய்லெட் தரைக்குத் தண்ணி கட்டிப் பார்ப்போம்ல, அதே மாதிரி. கஸ்டமர் ஒருத்தர் வந்து பாத்துட்டு, என்னடா இது, அரிசி மூட்டை டயப்பர் போட்டிருக்குன்னு பயந்துட்டாரு."

குமரனுக்குக் கோப்பி மூக்கில் ஏறிவிட்டது.

தாரணிக்குச் சிரிப்பும் வந்தது, வேறென்னவோவும் வந்தது. "எது ஒழுகலையாம்?" என்று கேட்டாள்.

"அதான் பிரச்சினை. ஒண்ணுமே ஒழுகல. விலை கூடினது, குறைஞ்சது, எல்லாமே நிக்குது. அவருக்குத் தூக்கமே போச்சு. மூட்டை ஒழுகல, பிள்ளை மட்டும் ஏன் ஒழுகுதுன்னு."

தாரணி வர்ஷாவை அலமாரியிலிருந்து பிடுங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "வாங்கண்ணே, கீழ போலாம். சைட்டை நாமே கொண்டுபோவோம்."

கட்டடத்தின் அடித்தளத்தில், சுவரில்லாத வாய்ட் டெக்கில், கல் மேசைகளுக்கு நடுவே வருண் நின்றிருந்தான். முப்பத்தாறு வயதுக்குக் காதோரம் கொஞ்சம் நரைத்திருந்தது. ஐந்து மாதத்தில் நரைத்ததா, முன்பே இருந்ததா என்று தாரணிக்கு நினைவில்லை. அவன் தங்கையைப் பார்க்கவில்லை. பிள்ளையைப் பார்த்தான்.

பிள்ளை அவனை அடையாளம் தெரியாமல் அம்மாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்தது.

அது வருணின் முகத்தில் எங்கே போய்க் குத்தியது என்பதைத் தாரணி பார்த்தாள். அவனோ சட்டென்று இடுப்பிலிருந்து அளவு டேப்பை உருவினான். ஸர்ரென்று இழுத்தான். டக்கென்று விட்டான். ஒரு கண் வெளியே வந்தது. மறுபடி ஸர்ர். டக். இரண்டு கண்ணும் வந்தன. மூன்றாம் தடவை பிள்ளை இடுப்பிலிருந்து வழுகி இறங்கி, டேப்பை நோக்கி ஓடியது.

"நூர்தீன், கேளு," என்றான் வருண், டேப்பைப் பிள்ளை கையில் கொடுத்தபடி. "கடைசியா எப்ப மாத்தினாங்களாம்?"

தாரணி இரண்டடி தூரத்தில்தான் நிற்கிறாள்.

"தங்கச்சி, கடைசியா எப்ப..."

"எழுந்ததும், ஏழரைக்குன்னு சொல்லுங்கண்ணே."

"ஏழரைக்காம்."

"ராத்திரியில ஒழுகறது அதிகமா, பகல்லயான்னு கேளு."

"பகல்லதான்னு சொல்லுங்க. ஓடும்போது."

"ஓடும்போதாம்," என்ற நூர்தீன், "எனக்கு இதுக்குத் தனியா சம்பளம் போட்டுக் குடுங்க," என்றார்.

வருண் தரையில் முட்டி போட்டு உட்கார்ந்தான். வர்ஷா கல் நாற்காலிமேல் ஏறினாள், இறங்கினாள், தூணைச் சுற்றினாள். அவன் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். கூரையில் ஈரம் தெரிகிற இடத்தை விட்டு, தண்ணீர் எங்கிருந்து கிளம்புகிறது என்று தேடுகிற பார்வை அது. அவள் நாற்காலியில் ஒரு காலைத் தூக்கி வைத்த சமயம், "அங்கேயே நில்லுடா தங்கம்," என்று சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்தான். தொடை ஓரத்தில் விரலை வைத்தான். ஒரு விரல் போனது. இரண்டாவது விரலும் தாராளமாகப் போனது.

"இது ஓட்டை இல்ல, வாசக்கதவு," என்றான். பிறகு, நூர்தீனை மறந்து, நேராகத் தங்கையைப் பார்த்து, "என்ன சைஸ் இது?" என்றான்.

"எல்."

"பிள்ளை எடை?"

"ஒம்பதரை. போன வாரம் கிளினிக்ல போட்டாங்க."

வருண் வேனுக்குப் போய் ஒரு காலிப் பாக்கெட்டை எடுத்து வந்தான். பின்பக்கத்தில் பொடி எழுத்து. விரலை வைத்துப் படித்தான். "எம் சைஸ் ஆறுலேருந்து பதினொரு கிலோ. எல் சைஸ் ஒம்பதுலேருந்து பதினாலு. இவ ரெண்டுக்கும் நடுவுல நிக்கறா. தொடையோ குச்சி மாதிரி. ஓடி ஓடி சதையே போடல. எம்தான் பிடிக்கும். நீ ஏன் எல் வாங்கின?"

"வளர்ற புள்ளதானேண்ணா. ஒரு சைஸ் பெருசா இருந்தா நாளைக்கு ஆகும்னு..."

சொல்லும்போதே அவளுக்குக் கேட்டது, அது யார் பேசுகிற பேச்சு என்று. வருணுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவன் பாக்கெட்டைக் கீழே இறக்கினான்.

"நானும் அதையேதான் நினைச்சேன்," என்றான் மெதுவாக. "அன்னிக்கு ஜொகூர்ல ரெண்டு சைஸும் இருந்துச்சு. அந்தக் கடைக்காரப் பொண்ணு எம் எடுன்னுதான் சொன்னா. வளர்ற புள்ளம்மான்னு நான்தான் எல் பெட்டியைத் தூக்கினேன். பட்டறையிலயும் எல்லாம் எல்தான் வாங்கி வச்சேன். மூட்டைக்கு எங்க கால் இருக்கு? அதான் ஒழுகல."

வர்ஷா டேப்பை ஸர்ரென்று இழுத்துப் பார்த்தாள்.

"வளர்ற புள்ளன்னு சொல்லித்தானே அம்மா உனக்கு ஸ்கூல் ஷூ வாங்கிக் குடுத்தாங்க," என்றாள் தாரணி. "ஞாபகம் இருக்கா?"

"ரெண்டு நம்பர் பெருசு. முன்னால நியூஸ்பேப்பர் திணிச்சு. ஸ்போர்ட்ஸ் டே அன்னிக்கு நான் ஒரு பக்கம் ஓடறேன், ஷூ ஒரு பக்கம் ஓடுது."

"எனக்கு ஸ்கூல் ஸ்கர்ட் அஞ்சு மடிப்பு. ஆறாவதுல பி.எஸ்.எல்.இ. பரீட்சை எழுதும்போதுகூட ஒரு மடிப்பு மிச்சம் இருந்துச்சு."

"டயப்பர்ல நியூஸ்பேப்பர் திணிக்க முடியாதுலா," என்றார் நூர்தீன்.

முதலில் சிரித்தது வருண்தான். பிறகு தாரணி. அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. கல் மேசையைப் பிடித்துக்கொண்டாள். எதற்கென்று தெரியாமல் வர்ஷாவும் டேப்பை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணா, அன்னிக்கு நான் சொன்னது..." என்று தொடங்கினாள்.

"முதல்ல ஒழுகறதைப் பாப்போம்," என்று வருண் கையைக் காட்டி நிறுத்தினான். "எம் சைஸ் எங்க கிடைக்கும் இந்நேரத்துக்கு? கீழ கடை ஒம்பதரைக்குத்தான் திறப்பான்."

நூர்தீன் தொப்பியைத் தலையில் வைத்தார். "நம்ம வண்டியிலயே இருக்கே."

"நம்ம வண்டியிலயா?"

"என் சின்னவ எம்மிலிருந்து எல்லுக்குப் போயிட்டா. மிச்சம் கிடந்த பாக்கெட்டைத்தானே வண்டியில போட்டு வச்சிருக்கேன். கூரையிலேருந்து சொட்டுச்சுன்னா வாளிக்குள்ள நீங்க என்னத்தப் போட்டு உறிஞ்சறீங்க? துணின்னா நெனச்சீங்க?"

வருண் தன் தொழிலாளியை ஒரு புது மனிதனைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

பாக்கெட்டில் வாத்து படம். ஜொகூர் பெட்டியில் இருந்த அதே வாத்து. தாரணி 'மலிவு' என்று சொன்ன அதே வாத்து. நாலு மிச்சம் இருந்தது. அவள் ஒன்றை எடுத்து, தூணை மறைப்பாக வைத்துக்கொண்டு, ஓடுகிற பிள்ளைக்கு மாட்டினாள். இழுத்துவிட்டு நிமிரப் போனவளை நூர்தீன் நிறுத்தினார்.

"தங்கச்சி, ஓரத்துல சுருக்கம் வச்சிருக்கான் பாருங்க, அது உள்ள மடங்கியிருக்கு. விரலை விட்டு ஒரு சுத்து வெளிய எடுத்துவிடணும். மடங்கினா அதுவே ஒரு வாய்க்கால். என் வீட்டுக்காரி மூணாவது பிள்ளைக்கு அப்புறம்தான் இதைக் கண்டுபிடிச்சா."

வருண் கிட்டப் போய்ப் பார்த்தான். ஒரு விரலை நுழைக்க முயன்றான். நுழையவில்லை, ஆனால் தொடையில் தடமும் விழவில்லை. "இப்ப கதவு மூடியிருக்கு," என்றான்.

பிறகு பரீட்சை. வர்ஷாவை ஒரு தண்ணீர்ப் புட்டி முழுதும் குடிக்க வைத்தார்கள். "ஒரு நாள் முழுக்கத் தண்ணி கட்டி வைக்கணும், முறைப்படி," என்று வருண் வருத்தப்பட்டான். அவ்வளவு நேரம் இல்லை. திடலில் சறுக்குமரத்தில் பதினாலு தடவை ஏறி இறங்கினாள் வர்ஷா. நூர்தீன் ஒவ்வொரு தடவையும் தொடை ஓரத்தில் காகிதக் கைக்குட்டையை ஒற்றி ஒற்றி வெளிச்சத்தில் பார்த்தார். கீழே இறங்கி வந்த குமரன், இரண்டு பெரிய மனிதர்கள் ஒரு சறுக்குமரத்தின் அடியில் குனிந்து நிற்பதைப் பார்த்துவிட்டு, "மச்சான், டயப்பருக்கு சர்டிபிகேட் குடுப்பீங்களா?" என்றான்.

ஒன்பதே முக்காலுக்கு டயப்பர் பூசணிக்காய் மாதிரி கனத்துத் தொங்கியது. காகிதம் காய்ந்தே இருந்தது.

"பாஸ்," என்றான் வருண், வீட்டுக்காரர்களிடம் சொல்கிற அதே குரலில். "மிச்சம் மூணு இருக்கு. ஒண்ணு இப்ப போடு. ஒண்ணு உக்காரறதுக்குப் பத்து நிமிஷம் முன்னால. ஒண்ணு கைவசம்."

உக்காரறதுக்கு. அந்த வார்த்தையைத் தாரணி பிடித்துக்கொண்டாள். கேட்க வாயெடுத்தாள். அதற்குள் வருண் வேனின் பின்கதவைத் திறந்தான். குழாய்களுக்கும் சிமெண்ட் வாளிகளுக்கும் மேலே, கம்பியில், சலவைக்கடை பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு சந்தன நிறப் பட்டு வேட்டி தொங்கியது.

மிச்சமிருந்த மூன்று வாத்தையும் எடுத்துக்கொண்டு தாரணி லிஃப்டுக்கு நடந்தாள்.

மண்டபத்தில் ஐம்பது பேர். வைதேகி பச்சைப் பட்டில் வாசலிலேயே நின்று, யார் வருகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வருண் வேட்டியோடு படியேறியதும் அவள் புருவமும் ஏறியது.

"வாங்க தம்பி. அதே வேட்டியா?"

"அதேதான்க்கா. நனைஞ்சாலும் பழகின வேட்டி."

"எதுக்கும் ஒரு துண்டு வச்சிருக்கேன். மடியில போட்டுக்குங்க."

"வேண்டாம்க்கா."

"வெள்ளம் வந்தா?"

"வந்தா நீங்க இன்னொரு ஜோக் சொல்லலாம்."

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு அவன் பக்கம் இருந்தது. வைதேகி துண்டை மடித்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். போகவில்லை, முன்வரிசையில் வசதியாக ஒரு நாற்காலி பிடித்து உட்கார்ந்தாள்.

மருதப்பன் பத்தர் தங்கக் கம்பியைச் சந்தனத்தில் தோய்த்துத் தயாராக இருந்தார். தாரணி ஓர் ஓரமாகப் போய் மூன்றாவது வாத்தை மாட்டி, ஓரத்தை விரலால் ஒரு சுற்று எடுத்துவிட்டாள். இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றும். பிள்ளையைக் கொண்டுபோய் அண்ணன் மடியில் வைத்தாள். ஐந்து மாதத்தில் வளர்ந்திருந்த முடி முள்ளம்பன்றி மாதிரி நின்றது. வர்ஷா மாமனின் சட்டைப்பையைத் துழாவினாள். டேப் அங்கேதான் இருந்தது.

ஸர்ர். டக். அந்த ஒரு நொடியில் பத்தர் முதல் காதைக் குத்திவிட்டார்.

பிள்ளைக்கு நடந்தது புரிய இரண்டு நொடி ஆயிற்று. பிறகு வீறிட்டது. சிராங்கூன் ரோட்டுக்கே கேட்டிருக்கும். உடம்பு விறைத்து, காலை உதைத்து, மாமனின் நெஞ்சில் முட்டியது. தாரணிக்குத் தெரியும், இப்படி அழுகிற பிள்ளை மேலே மட்டும் அழாது. வைதேகிக்கும் தெரியும், நாற்காலியில் முன்னால் நகர்ந்தாள்.

இரண்டாவது காது. இன்னொரு வீறிடல். குமரன் கையில் கற்கண்டுத் தட்டோடு கண்ணை மூடிக்கொண்டான்.

முடிந்தது. மேளம் ஓய்ந்தது. எல்லோரும் கற்கண்டு எடுத்தார்கள். வருண் எழவில்லை.

ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம். பத்தர் சாமான்களை மூட்டை கட்டினார். பந்திக்கு இலை போடுகிற சத்தம் கேட்டது. வருண் அசையவில்லை. பிள்ளையின் முதுகில் கை வைத்தபடி, தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"என்ன தம்பி, எந்திரிக்கலையா?" வைதேகியின் குரல் மண்டபத்தின் கடைசி வரை போனது. "துண்டு குடுக்கட்டா?"

தாரணி கையிலிருந்த கற்கண்டைத் தட்டிலேயே போட்டாள். ஒழுகிவிட்டது. எழுந்தால் தெரியும் என்றுதான் எழாமல் இருக்கிறான். அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அண்ணன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். "அண்ணா, நனைஞ்சிருச்சா? நான் மறைச்சுக்கறேன். எந்திரி."

வருண் உதட்டில் விரலை வைத்தான்.

"தூங்கிட்டா," என்றான்.

வர்ஷா அவன் வயிற்றில் கன்னத்தைப் பதித்து, வாயைத் திறந்து, தூங்கிக்கொண்டிருந்தாள். சிவந்த காதில் புதுத் தங்கம். கையில் டேப். தாரணி பிள்ளையின் தொடைக்கு அடியில் வேட்டியைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு தடவை தொட்டாள். தள்ளி இன்னோர் இடத்தில் தொட்டாள். பட்டு மொறமொறவென்று இருந்தது.

"அன்னிக்கு நான் எந்திரிச்சது வேட்டி நனைஞ்சதுக்கு இல்ல," என்றான் வருண், இன்னும் தரையைப் பார்த்தபடி.

"தெரியும்ண்ணா. மலிவுன்னு சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. உன்னைச் சொன்ன மாதிரி ஆயிடுச்சு."

"உம்."

"அதுக்கப்புறம் விலை கூடினதா வாங்கினேன் பாரு. ஒண்ணுகூட நிக்கல. ஒவ்வொரு தடவை தரையைத் துடைக்கறப்பவும் நீதான் ஞாபகத்துக்கு வருவே."

"தரை துடைக்கறப்ப மட்டுமா?"

அவள் அவன் தோளில் ஒரு அடி வைத்தாள். பிள்ளை அசைந்தது, இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். அசைவு நின்றது.

"அந்தப் பெட்டி என்னாச்சு?" என்று கேட்டான் வருண். "எல் சைஸ். தூக்கிப் போட்டுட்டியா?"

"ஸ்டோர் ரூம்ல இருக்கு. பாதிக்கு மேல அப்படியே."

"இருக்கட்டும்." அவன் பிள்ளையின் முள்முடியைத் தடவினான். "வளர்ற புள்ளதானே."

தாரணி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்துவரப் போனாள். பந்தியில் எல்லோரும் இலையில் சாப்பிட, வருணுக்கு மட்டும் தட்டில், மடிக்கு எட்டாத உயரத்தில் பிடித்துக்கொண்டு அவளே நின்றாள். சாம்பார் ஒரு சொட்டு வேட்டியில் விழுந்தது. ஒருவரும் அதை ஒழுகல் கணக்கில் சேர்க்கவில்லை.

பாயசம் வரும்போது வைதேகி வந்தாள். கையில் துண்டு இல்லை. குனிந்து வேட்டியை நன்றாகப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"என்ன பிராண்டு அது?"

"பிராண்டு முக்கியமில்லக்கா," என்றான் வருண். "சைஸ்தான்."

வைதேகி போகாமல் நின்றாள். சேலைத் தலைப்பைத் திருகினாள். அவள் தலைப்பைத் திருகித் தாரணி பார்த்ததே இல்லை.

"தம்பி, ஒண்ணு கேக்கணும். எங்க பூன் லே வீட்டுல டாய்லெட் கூரை மூணு மாசமா சொட்டுது. வாளி வச்சிருக்கேன். வேற ஆள் ரெண்டு பேர் வந்து பாத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க ஒரு தடவை வந்து..."

"அதுக்கு எங்க முதலாளி வரமாட்டாருங்க," என்றார் நூர்தீன், பக்கத்து இலையிலிருந்து. "ஜூரோங்ல எடுப்பாரு, லேக்சைட்ல எடுப்பாரு. பூன் லேன்னா மட்டும் வேலை எடுக்கமாட்டாரு. ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது."

"சும்மா இரு நூர்தீன்," என்றான் வருண். "வரேன்க்கா. ஒழுகறது உங்க வீட்டுல தெரிஞ்சாலும், சரிபண்ண வேண்டியது மேல் வீட்டுத் தரையில. அவங்க கதவைத் திறந்து விடணும். மேல யாரு இருக்கா?"

"மேலயா? ஒரு டீச்சர். தனியா இருக்கா. நல்ல பொண்ணுதான், வேதக்காரங்க. பிரிஜட்னு பேரு."

ஒழுகினாலும் இந்தத் தடவை எழுவதில்லை என்று வந்த மனிதன், பாயசக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு விசுக்கென்று எழப் பார்த்தான்.

மடியில் பிள்ளை இருந்தது. மறுபடி உட்கார்ந்தான்.

தாரணி கையில் கரண்டியோடு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காதோர நரை ஐந்து மாதத்தில் வந்ததல்ல, பூன் லேயிலிருந்து எப்போதோ வந்தது என்று அவளுக்கு அப்போது தோன்றியது.